19 மாதம் ஆகிறது, இன்னும் பேச்சு இல்லை. இரண்டு வயது வரை பார்க்கலாமா?

2 ஜூன் 2024 – கேள்வி

பையனுக்கு 19 மாதம் முடிந்தது. பதினோரு மாதத்தில் நடந்துவிட்டான். இப்போது மாடிப்படி ஏறுகிறான். பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்பது, பத்து மாதத்தில் 'தாதாதா', 'பாபா' என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அதுவும் இப்போது குறைந்த மாதிரி இருக்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் வைக்கிறான். கூப்பிட்டால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை திரும்புவான். ஆனால் டிவியில் விளம்பரம் வந்தால் எந்த அறையில் இருந்தாலும் ஓடி வருகிறான். அதனால் காதில் குறை இல்லை என்று நினைக்கிறோம். ஆம்பளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், நீயே மூன்று வயதில்தான் வாய் திறந்தாய் என்கிறார் அம்மா. மனைவிக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. நான் சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன், லீவு எடுப்பது கஷ்டம். இரண்டு வயது வரை பார்க்கலாமா?

2 ஜூன் 2024, இரவு

வேண்டாம் தம்பி. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

நீங்கள் எழுதியதில் பேச்சு வராததைவிட எனக்கு உறுத்தியது வேறு மூன்று விஷயங்கள். வந்த மழலை குறைந்தது. கையை ஒரு சாமான் மாதிரி இழுத்துப் போய் வைப்பது. பேரைச் சொன்னால் திரும்பாதது. இதில் முதலாவது ஒன்றே போதும். பிள்ளைக்கு வந்த பேச்சோ சிரிப்போ விளையாட்டோ எந்த வயதில் திரும்பிப் போனாலும் உடனே காட்ட வேண்டும். அதற்கு இரண்டு வயது வரை என்ற கணக்கே கிடையாது.

முதலில் காது. ஓ.ஏ.இ. என்று ஒரு பரிசோதனை, காதில் சின்னக் குமிழை வைத்து ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். அதில் சரியென்று வந்தால் காதைப் பற்றிய கவலை விட்டது.

டிவி விளம்பரத்துக்கு ஓடி வருவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு வருஷத்தை விட்டோம். நாளை எழுதுகிறேன்.

3 ஜூன் 2024

என் மகள் 2014 பிப்ரவரியில் பிறந்தாள். மூத்தவனைவிட எல்லாமே சீக்கிரம். மூன்றரை மாதத்தில் தலை நின்றது, ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தாள். வீட்டில் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுத்தோம். பத்தரை மாதத்தில் நடந்தாள். முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள், கையசைப்பாள், நாம் வாயைத் திறந்தால் அவளும் திறப்பாள். இவ்வளவு சூட்டிகையான பிள்ளைக்குக் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு வயது தாண்டியும் சொல் எதுவும் வரவில்லை. 14 மாதத்தில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டினார். திரும்பினாள். "கேட்குது, ஆறு மாசம் பார்ப்போம்" என்றார். வீட்டுக்கு வந்து நானே எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தேன். அதற்கும் திரும்பினாள். நிம்மதியாகத் தூங்கினேன்.

தட்டு விழுந்தால் தரை அதிரும். பின்னால் நின்று கை தட்டினால் நிழல் ஆடும், காற்று கழுத்தில் படும், எதிரில் இருக்கும் அம்மாவின் கண் பின்னால் போகும். காது கேளாத பிள்ளை இதையெல்லாம் நம்மைவிட நன்றாகப் படிக்கும். 21 மாதத்தில் பெரா எடுத்தபோது, அதாவது சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று மெஷினில் பார்த்தபோது, இரண்டு காதிலும் கேட்கும் திறன் கிட்டத்தட்ட முழுசாகவே இல்லை.

உங்கள் பையன் டிவிக்கு ஓடி வருவது சத்தத்துக்காகவும் இருக்கலாம், அடுத்த அறைச் சுவரில் வெளிச்சம் மாறுவதாலும் இருக்கலாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெஷினுக்குத்தான் தெரியும்.

3 ஜூன் 2024, மாலை

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. மகளுக்குக் காது பார்க்கும் ஆடியாலஜிஸ்டிடம் இன்று பேசினேன், அவர் திருத்தினார். ஓ.ஏ.இ. காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றனவா என்று மட்டும்தான் சொல்லும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறதா என்பது அதில் வராது. சில பிள்ளைகளுக்கு ஓ.ஏ.இ. சரியாக இருக்கும், பெராவில் குறை தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால் ஓ.ஏ.இ. தவறிப் போகும், அதற்காகப் பயந்துவிடக் கூடாது. ஆக, பேச்சு வராத பிள்ளைக்குப் பெராவும் எடுக்க வேண்டும்.

பெராவுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டுவார்கள். தூங்குவதற்கு மருந்து தருவார்கள், ஆனால் பாதிப் பிள்ளைகள் துப்பிவிடும். முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் கண் அசர விடாமல் கொண்டு போங்கள். நாங்கள் அருப்புக்கோட்டை தாண்டியதும் தூங்க விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் குதிரை மாதிரி ஓடினாள். இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.

5 ஜூன் 2024

லீவு, செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசில் இதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். பால்வாடிக்கும் பள்ளிக்கும் ஜீப்பில் டாக்டர் வருவார்களே, அது இதுதான். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நாலையும் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எல்லோரும் டி.இ.ஐ.சி. என்றுதான் சொல்வார்கள், அப்படிக் கேட்டால்தான் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாம் ஒரே இடத்தில், காசில்லாமல்.

பால்வாடியிலிருந்து யாராவது அனுப்பட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நேராகவே போகலாம். தாய்-சேய் நல அட்டையை எடுத்துப் போங்கள். அந்த அட்டையின் உள்பக்கம் படம் போட்டு எந்த மாதத்தில் என்ன செய்யும் என்று இருக்கிறது. நாம் ஊசித் தேதி பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், அந்தப் பக்கத்தை மட்டும் திருப்புவதில்லை. என் மகளின் அட்டையில் அந்தப் பக்கம் புதுசு மாதிரியே இருக்கிறது.

9 ஜூன் 2024

இங்கே இன்னொரு அம்மா கேட்டது: எட்டாம் மாதத்தில், 32 வாரத்தில் பிறந்த பிள்ளை, இப்போது பத்து மாதம், உட்காரவில்லை, பயமாக இருக்கிறது என்று.

40 வாரத்தில் 32 போக எட்டு வாரம். அதைக் கழித்தால் உங்கள் பிள்ளைக்கு எட்டு மாதம் சொச்சம்தான். குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான். ஆனால் ஒன்று. கழித்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது என்பதற்காகப் பின்தொடர் பரிசோதனையை விடாதீர்கள். குறைமாதம், பிறந்ததும் அழாதது, ஐ.சி.யூ.வில் வைத்தது, மஞ்சள் காமாலை அதிகமாகி லைட்டில் வைத்தது, இந்தப் பிள்ளைகளை எல்லாம் நன்றாக இருந்தாலும் தொடர்ந்து காட்ட வேண்டும். கண்ணும் காதும் சேர்த்து.

9 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

அதே பதிலில், தவழாமல் நேரே நடக்கும் பிள்ளையையும் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். பிசியோ படித்த ஒருவர் கண்டித்தார், அவர் சொன்னது சரி. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் போல முட்டி போட்டுத் தவழவே இல்லை, நடந்துவிட்டார்கள். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி., எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்ற தன் பட்டியலை 2022-இல் திருத்தியபோது தவழ்வதை எடுத்தே விட்டது.

அதே 2006 கணக்கில் தனியே நடப்பதற்கு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை இடைவெளி உண்டு. பிடிக்காமல் உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 வரை. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழ வேண்டாம் என்பது. பதினாறு மாதத்தில் நடக்காத பிள்ளை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் போய்விட வேண்டும். அதிலும் ஆண் பிள்ளை நடக்கத் தாமதமாகி, கெண்டைக்கால் மட்டும் திரண்டு, எழும்போது தொடையில் கை ஊன்றி எழுந்தால், தசை நோய் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். "கொஞ்சம் சோம்பேறி" என்று சொல்லும் வயசா அது?

16 ஜூன் 2024

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பையன் விரல் நீட்டிக் காட்டுவானா? ஃப்ரிட்ஜைக் கேட்கவில்லை. மேலே விமானம் போகிறது, தெருவில் நாய் போகிறது, அதைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பானா?

நான் தமிழாசிரியை. வருஷா வருஷம் பிள்ளைத்தமிழ் நடத்துகிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவங்களை மனப்பாடம் செய்ய வைத்து ஐந்து மதிப்பெண் போடுவேன். ஒரு கை ஊன்றி ஒரு கால் மடக்கித் தலை அசைப்பது செங்கீரை, ஐந்தாம் மாதம். கை தட்டுவது சப்பாணி, ஒன்பதாம் மாதம். நடந்து வா என்று கூப்பிடுவது வருகை, பதின்மூன்றாம் மாதம். நிலவை விளையாட அழைப்பது அம்புலி, பதினைந்தாம் மாதம். இதற்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களுக்குள் மாதக் கணக்கில் வேறுபாடு உண்டு, ஆனால் வரிசையைப் பாருங்கள். கழுத்து, பிறகு கை, பிறகு கால், அதன் பிறகு நிலா.

அம்புலியை நான் கற்பனை என்றே நினைத்து நடத்தினேன். மகளோடு பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருந்தபோது அங்கே இருந்த ஒரு தெரபிஸ்ட் ஒரு சின்னப் பையனுக்கு முன்னால் சோப்புக் குமிழி ஊதிவிட்டு, அவன் குமிழியைக் காட்டுகிறானா, காட்டிவிட்டு அம்மாவைப் பார்க்கிறானா என்று குறித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்கு எட்டாத, தின்ன முடியாத, எடுத்துத் தரவும் முடியாத ஒன்றை, "நீயும் பாரு" என்பதற்காக மட்டும் சுட்டிக் காட்டுவது. நிலாச்சோறு ஊட்டும்போது நாம் செய்வது அதுதான். இலக்கணத்தில் அ, இ, உ என்று சுட்டெழுத்து சொல்லித் தருகிறோம். பிள்ளை அதைச் சொல்லுக்கு முன்னால் விரலால் கற்றுக்கொள்கிறது.

ஒரு வயதை ஒட்டி இது வர வேண்டும். வேண்டியதைக் கேட்டுச் சுட்டுவது வேறு, பார் என்று காட்டச் சுட்டுவது வேறு. இரண்டாவது வகை ஒன்றரை வயதிலும் இல்லாவிட்டால், பேச்சு வந்திருந்தாலும் காட்டுங்கள். என் மகளுக்குக் காது கேட்காத காலத்திலும் காக்காவைக் காட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். அதனால்தான் அவளுடையது ஆட்டிசம் அல்ல, காது என்று பார்த்தவுடனே ஊகித்தார்கள். ஊகம்தான், பரிசோதனைதான் முடிவு சொன்னது.

28 ஜூன் 2024

இது தம்பிக்கு இல்லை, எல்லோருக்கும். அவசரம்.

நாலு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளை, தூங்கி எழுந்த நேரத்தில், திடீரென்று குனிந்து கும்பிடுவது போல மடங்கி, கை இரண்டும் விரிந்து ஒரு நொடியில் விடுகிறது. சில விநாடி கழித்து மறுபடி. இப்படிப் பத்து, இருபது தடவை வரிசையாக. இது வயிற்றுவலி இல்லை, திடுக்கிட்டுப் போவதும் இல்லை. "தூக்கித் தூக்கிப் போடுது" என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இது ஒரு வகை வலிப்பு. காய்ச்சலில் வரும் வலிப்பு மாதிரி வெட்டி இழுக்காது, அதனால் யாரும் வலிப்பு என்று நினைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் மூளை வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பை நிறுத்திவிடும். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். டாக்டர் முன்னால் அது வராமல் போகலாம், வீடியோதான் பேசும். மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்து மருந்து தொடங்குவார்கள்.

மையத்தில் என் பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மா இரண்டு மாதம் சுக்குத் தண்ணீர் கொடுத்தவர். அவரை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

30 ஜூன் 2024

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துவிட்டு ஏழெட்டுப் பேர் பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள். தூக்கத்தில் ஒரே ஒரு தடவை கை கால் விலுக்கென்று உதறுவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. கதவு அறைந்தால் கை விரித்துப் பதறுவதும் முதல் சில மாதம் உண்டு. நான் சொன்னது வரிசையாக, காரணம் இல்லாமல், தூங்கி எழுந்ததும் வருவதை. சந்தேகமாக இருந்தாலும் வீடியோவைக் காட்டிவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. பயமே காட்டாத அறிகுறி. "எங்க பிள்ளை தங்கம், அழவே அழாது, பாலுக்குக்கூட எழுப்பணும்" என்று சொல்வார்கள். மஞ்சள் வாரக்கணக்கில் போகாமல், மலம் கட்டி, அழுகை கரகரப்பாக, தொப்புள் துருத்தி, உடம்பு தொளதொள என்று இருந்தால் அது தைராய்டாக இருக்கலாம். பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். தினம் ஒரு சின்ன மாத்திரை. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகள் போலவே வளரும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சியில் ஏற்படும் இழப்பைத் திரும்பப் பெற முடியாது.

பத்து மாதத்திலேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறான், இடக்கைக்காரன் என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். ஐயா, அந்த வயதில் கைப்பழக்கம் வராது. மற்றக் கையை மூடியே வைத்திருக்கிறானா, அதே பக்கக் காலை இழுக்கிறானா பாருங்கள். எதற்கும் காட்டிவிடுங்கள்.

14 ஜூலை 2024

தம்பி எழுதியதைப் பார்த்தேன். பெராவில் இரண்டு காதும் சரி. பெரிய பாரம் இறங்கியது, அதை முதலில் சொல்கிறேன்.

அப்புறம் அந்த இருபது கேள்விப் பட்டியலில் 9 வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எம்-சாட் பட்டியல் ஆட்டிசம் இருக்குமோ என்று சலித்துப் பார்ப்பதற்கு, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு உள்ளது. எட்டோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக முழு மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். உங்களை அனுப்பியதும் அதனால்தான். 9 என்றால் ஆட்டிசம் உறுதி என்று பொருள் இல்லை. சல்லடையில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் முடிவு வரவில்லை என்பதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். பேர் என்னவாக இருந்தாலும் இன்று செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அவனோடு விளையாடுவது.

விருதுநகர் மையம் ஒத்துவரவில்லை என்றால், தூரம் கூட என்றாலும், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-இல் தொடங்கியது, சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி அவர்களிடம் உண்டு. சென்னையில் யாராவது சொந்தம் இருந்தால் முட்டுக்காட்டில் பலவகைக் குறை உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம், நிப்மெட் என்பார்கள், இருக்கிறது, ஒரு முழு மதிப்பீட்டுக்குப் போய் வரலாம். ஆனால் ஊர் ஊராக அலைவதைவிடப் பக்கத்தில் ஒரே இடத்தில் விடாமல் போவது பெரிது. நான் முதல் நாலு மாதம் ஐந்து இடம் அலைந்தேன். ஐந்து இடத்திலும் முதலிலிருந்து கதை சொன்னேன். அவளுக்குப் பயிற்சி மட்டும் நடக்கவில்லை.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் இல்லை, வேலைக்குப் போனதால் இல்லை. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது. என் விஷயத்தில் காரணம் ஓரளவு தெரியும். நான் அத்தை மகனைக் கட்டியவள். நெருங்கிய உறவில் கட்டினால் பிறவிக் காது கேளாமைக்கு வாய்ப்புக் கூடுகிறது. அது தெரிந்த பிறகும் அவரைக் கட்டியதற்கு நான் வருந்தவில்லை. மூன்று மாதத்துக்குள் பரிசோதிக்காததற்குத்தான் வருந்துகிறேன்.

25 ஆகஸ்ட் 2024

இந்த இழையை மேலிருந்து ஒரு தடவை படித்தேன். பாட்டிமார் எல்லாம் 'பார்ப்போம்' என்று தடுப்பவர்கள் போல ஒரு தொனி வந்துவிட்டது. திருத்த வேண்டும்.

என் அத்தை, அதாவது மாமியார், என் மகள் எட்டு மாதமாக இருந்தபோதே சொன்னார். "இவ கொலுசுச் சத்தத்துக்குத் திரும்ப மாட்டேங்கிறாளே. மூத்தவன் நான் வாசல்ல வரும்போதே குதிப்பான்." நான்தான், "அத்தை, அவ விளையாட்டு மும்முரத்துல இருக்கா" என்றேன். பி.எட். படித்தவள் நான், அவர் ஐந்தாம் வகுப்பு. அவர் சொன்னதை ஒரு நாள் எடுத்து யோசித்திருந்தால் பதின்மூன்று மாதம் மிச்சம். பெரா முடிவு வந்த அன்று அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோறு பிசைந்து ஊட்டினார். எனக்கு, அவளுக்கு அல்ல.

அதனால் தம்பி, உங்கள் அம்மாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நான் இந்த வயசில் எப்படி இருந்தேன்? கூப்பிட்டால் திரும்பினேனா? சொன்னதை எடுத்து வந்தேனா?" மூன்று வயதில் பேசினாலும் எல்லாம் புரிந்து, விரல் காட்டி, தலையாட்டிக் காரியம் சாதித்த பிள்ளை வேறு. அவருக்கு நினைவிருக்கும். டாக்டருக்கும் அது உதவும்.

பேச்சு வர வசம்பு தடவலாமா என்று கேட்டவருக்கு: நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம், அது விஷமாகிவிடும் ஆபத்து உண்டு.

15 செப்டம்பர் 2024

செல்போன். நாலு பேர் ஒரே கேள்வி. போனை நிறுத்தினால் பேச்சு வந்துவிடுமா?

நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. போன் பார்க்கும் நேரம் நம்மோடு பேசாத நேரம், இழப்பு அதில்தான். ஆனால் போனை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பார்ப்போம் என்று உட்கார வேண்டாம். பரிசோதனைக்கும் போங்கள், போனையும் நிறுத்துங்கள், இரண்டும் ஒரே வாரத்தில். குறை இருந்த பிள்ளைகளின் அம்மாக்களை எல்லாம் "போன் கொடுத்துக் கெடுத்தே" என்று வீடே குற்றம் சாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சமைக்கும்போது பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் அவள் வேறென்ன செய்வாள்? அந்த அரை மணி நேரம் பிள்ளையை எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் போன் தானாகக் குறையும்.

6 அக்டோபர் 2024

ராஜபாளையத்திலிருந்து ஒருவர்: வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், அதனால்தான் பேச்சு தாமதமா, தெலுங்கை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று.

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளை பின்தங்காது. எண்ணும்போது இரண்டு மொழிச் சொல்லையும் கூட்டி எண்ணுங்கள். 'நீள்ளு' ஒன்று, 'வா' ஒன்று, ஆக இரண்டு சொல். இரண்டு வயதில் இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கிறதா என்பதுதான் முக்கியம். டிவியில் கேட்டதை அப்படியே ஒப்பிப்பது கணக்கில் வராது. ஆங்கில எழுத்து இருபத்தாறும் சொல்லும் பிள்ளை 'அம்மா தண்ணி' என்று கேட்கவில்லையென்றால் அந்த எழுத்தில் மகிழ ஒன்றுமில்லை.

என் மகளிடம் பேச வேண்டியதை எல்லாம் தமிழில் ஒரே மொழியாகப் பேசச் சொன்னார்கள் என்று முன்பு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அது 2016-இல் எங்களுக்குச் சொன்னது. இப்போது அவளுடைய ஆடியாலஜிஸ்டே அப்படிச் சொல்வதில்லை. வீட்டு மொழி எதுவோ அதில் நிறையப் பேசுங்கள் என்கிறார்.

3 நவம்பர் 2024

தம்பி, தீபாவளியன்று நடந்ததை நீங்கள் இரண்டு வரியில் எழுதிவிட்டீர்கள். வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான், கம்பி மத்தாப்பு கொளுத்தியபோது மட்டும் அழுகையை நிறுத்தி, மத்தாப்பைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி மத்தாப்பைப் பார்த்தான் என்று. பிறகு, பேச்சில் முன்னேற்றம் எதுவும் இல்லை என்று முடித்திருந்தீர்கள்.

அந்த நடுவில் உங்கள் முகத்தைப் பார்த்தானே, அதைத் தெரபிஸ்டிடம் அப்படியே சொல்லுங்கள். ஜூனில் நான் கேட்டேனே, காட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பானா என்று. விரல் இன்னும் வரவில்லை, கண் வந்திருக்கிறது. தினமும் அதே நேரத்தில் விளக்கோ டார்ச்சோ குமிழியோ ஏதாவது ஒன்று செய்யுங்கள். செய்துவிட்டு நிறுத்துங்கள். அவன் உங்களைப் பார்க்கும் வரை காத்திருந்து பிறகு மறுபடி செய்யுங்கள். நாலு விநாடி காத்திருப்பது பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

வெடிக்கு அழுதது பற்றிக் கவலை வேண்டாம், அதையும் குறித்துக் கொடுங்கள்.

12 ஜனவரி 2025

காக்ளியர், அதாவது அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி பற்றித் தனியே கேட்ட இருவருக்கு. என் மகளுக்கு 2 வயது 9 மாதத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்தோம். ஆறு வயதுக்குள் செய்கிறார்கள், ஆனால் ஆறு வரை பார்க்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. அறுவைக்குப் பிறகு சில வாரம் கழித்துத்தான் மெஷினை இயக்குவார்கள். இயக்கிய அன்று அவள் வீரிட்டு அழுதாள், நாங்கள் பயந்துவிட்டோம். முதல் சொல் வர ஏழு மாதம் ஆனது. 'இந்தா'. கையில் ஒரு வெண்டைக்காயை வைத்துக்கொண்டு அத்தையிடம் நீட்டிச் சொன்னாள். இப்போது ஐந்தாம் வகுப்பு, வகுப்பில் பேசுகிறாள் என்று டைரியில் புகார் வருகிறது.

தம்பிக்கு: அடுத்த வாரம் மறுமதிப்பீடு என்று எழுதியிருந்தீர்கள். பெரா ரிப்போர்ட், எம்-சாட் தாள், தாய்-சேய் நல அட்டை மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மத்தாப்பு மாதிரி நடந்தது வேறு ஏதாவது இருந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். அவன் வீட்டில் விளையாடும் வீடியோ இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், புது இடத்தில் பிள்ளைகள் வேறு மாதிரி இருக்கும். மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். அச்சகத்தில் காலண்டர் வேலை பொங்கலுக்குள் முடிந்துவிடும் என்றுதானே சொன்னீர்கள்.